பாய்மரப் படகில் போய் எரிமலை ஏறுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

சென்னையில் எரிமலை என்று பேச்செடுத்தால் உடனே அந்தமானின் பாரன் தீவைத்தான் சொல்வார்கள். அதைப் படகிலிருந்து எட்ட நின்று பார்ப்பதோடு சரி. மிதித்து ஏற வேண்டுமென்றால் ரீயூனியன் தீவுக்குப் போங்கள். பிரான்ஸுக்குச் சொந்தமான இந்தத் தீவும் நம் இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது. அங்குள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர் உயரம், உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. நான் நாலு பேர் கொண்ட பாய்மரப் படகில் ஒருவனாகப் போய் ஏறினேன்.

முதலில் காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் புயல் பருவம். மே முதல் அக்டோபருக்குள் போய்ச் சேருங்கள். விசா விதியையும் இங்கேயே பார்த்துவிடுங்கள், ஐரோப்பிய நாடுகளின் பொது விசா பகுதியான ஷெங்கனில் ரீயூனியன் சேராது. பாய்மரம் பழக சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே 1911 முதல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. கால் பழகப் பரங்கிமலைப் படிகள் போதும். நாலு தடவை ஏறி இறங்குங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது ஷூ. நான் கோட்டை விட்டது இதில்தான். படகில் போடும் ஷூவின் அடிப்பாகம் மெல்லிசு, எரிமலைக் கல் அதை அரம் மாதிரி ராவிவிடும். அதனால் மலையேறும் ஷூ தனியாக வேண்டும். அது என்னிடம் இருந்தது. ஆனால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, படகின் அடியறையில் வாரக்கணக்கில் போட்டு வைத்திருந்தேன். ஈரத்திலும் உப்பிலும் பசை விட்டுப்போய், மலையில் பாதி வழியில் வலது கால் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. பாய் கட்டும் கயிற்றில் ஒரு துண்டு பையில் கிடந்ததால் பிழைத்தேன். காலைச் சுற்றி மூன்று சுற்று, மேலே ஒரு முடிச்சு. உங்கள் ஷூவைத் துணிப்பையில் போட்டு, வாரம் ஒருமுறை வெயிலில் காட்டுங்கள்.

பயணத்தின் கடைசிக் கட்டம் மொரீஷியஸிலிருந்து ரீயூனியன், சுமார் 130 கடல் மைல். தென்கிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். தீவின் வடமேற்கு மூலைக்குத் திரும்பியதும் சட்டென்று காற்று செத்துவிடும். பயப்பட வேண்டாம், 3,000 மீட்டருக்கு மேல் நிற்கும் பித்தோன் தெ நேழ் என்ற பழைய எரிமலை காற்றை மறைக்கிறது. எஞ்சினைத் தயாராக வைத்திருங்கள். கண்ட இடத்தில் நங்கூரம் போடலாம் என்றும் எண்ணாதீர்கள். ஆழ்கடல் தரையிலிருந்து நேராக எழுந்த மலை இது, கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே ஆழம் கிடுகிடுவென்று இறங்கும். லு போர் துறைமுகத்தில் இடம் கேட்டுக் கட்டிவிடுங்கள்.

கரையேறியதும் மலைக்கு ஓடாதீர்கள். எங்கள் கேப்டன் தூத்துக்குடிக்காரர். நான் பையை எடுத்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் கால் இன்னும் கடல்லதான் இருக்கு" என்றார். உண்மைதான். கடைக்குள் நின்று ரொட்டி எடுக்கையில் அலமாரி ஆடியது, அதைப் பிடித்துக்கொண்டேன். ஆடியது அலமாரி இல்லை, நான்தான். இரண்டு நாள் ஊருக்குள் நடங்கள். கடைப் பலகைகளில் ராமசாமி, வீரப்பிள்ளை போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் தென்படும். கரும்புத் தோட்ட வேலைக்கு நம் பக்கத்திலிருந்து போனவர்களின் வாரிசுகள். தமிழில் பேசினால் சிரிப்பார்கள், பதில் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோலில்தான் வரும்.

அந்த நேரத்தில் எரிமலை திறந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வெடிப்பு அறிகுறி தெரிந்தால் அரசு பாதையை மூடிவிடும். மூடியிருந்தால் பேசாமல் திரும்புங்கள்.

எரிமலை ஒரு பெரும்பள்ளத்துக்குள் நிற்கிறது. ஏறும் நாளில் அந்தப் பள்ளத்தின் விளிம்பிலுள்ள பா த பெல்கோம்ப் என்ற இடத்துக்கு விடியும் முன்பே போய்விடுங்கள். உயரம் 2,311 மீட்டர், சென்னை உடம்புக்குக் குளிரில் பல் கிட்டிவிடும். பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கையுறை, மழைச் சட்டை. விளிம்பிலிருந்து சுமார் 500 படிகள் கீழே இறங்க வேண்டும். பிறகு கறுத்த லாவாத் தரை, அதில் ஃபோர்மிக்கா லியோ என்ற குட்டிச் செங்குன்று. பாறைகளில் வெள்ளைப் புள்ளிகள் பூசியிருப்பார்கள். அடுத்த புள்ளி கண்ணில் படாமல் நகராதீர்கள், மேகத்துக்குள் எல்லாப் பாறையும் ஒரே பாறைதான்.

சில இடங்களில் லாவா வடக்கயிறு முறுக்கியது போல வழவழப்பாக இருக்கும், நடக்கச் சுகம். வேறு சில இடங்களில் உடைந்த செங்கல் குவியல் மாதிரி. அங்கே கை ஊன்றினால் கிழியும், கையுறை அதற்குத்தான். உச்சியில் எரிமலையின் வாயான தொலோமியூ பள்ளம். 2007 ஏப்ரல் வெடிப்பில் அதன் தரையே முந்நூறு மீட்டருக்கு மேல் உள்வாங்கிவிட்டது. ஓரம் இன்னமும் உதிரும், கயிறு கட்டிய இடத்தைத் தாண்டாதீர்கள். போய்வர ஐந்தாறு மணி நேரம்.

திரும்பும்போது அந்த 500 படிகளையும் ஏற வேண்டும். பரங்கிமலை அதற்குத்தான்.

படகுக்கு வந்ததும் ஷூவைக் கரையிலேயே கழற்றி உதறுங்கள். அடியில் ஒட்டிய லாவாத் துகளோடு ஏறினால் படகின் தளம் முழுக்கக் கீறல் விழும். அன்று என்னை நிற்கவைத்து, கேப்டன் கயிறு கட்டிய என் ஷூவை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். கயிற்றை மட்டும் அவிழ்த்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்.