இரணைமடுவில் துடுப்பு, தூண்டில், ஒரு கடிதம்

வெளிநாட்டிலிருந்து வரும் நமக்கு லீவு கிடைக்கிற ஜூலை, ஓகஸ்டில்தான், நாம் கயாக்கில் துடுப்பு வலித்துத் தூண்டில் போட ஆசைப்படும் கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலும் தண்ணீர் இறங்கிக் கிடக்கும். சிறுபோக நெல்லுக்குத் துருசு (மதகு) திறந்திருக்கும், சோளகமும் (தென்மேற்குக் காற்று) உரத்து வீசும். 2018-இல் திருத்தி முடித்தபின் குளத்தின் முழு மட்டம் 36 அடி. அந்த அளவுக்குக் கிட்டப் பார்க்க வேண்டுமானால் மாரி மழை முடிந்த தை, மாசியில் வாருங்கள். ஏ9 வீதியில் கிளிநொச்சிக்குத் தெற்கே, இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்பினால் கனகாம்பிகை அம்மன் கோயில் பக்கமாகக் குளக்கட்டு வரும்.

காற்றடைக்கும் கயாக்கோடு (சிறு துடுப்புப் படகு) வருகிறவர் அனுமதிக்காக முதலில் அரசாங்கக் கந்தோருக்குப் போக வேண்டிவரும். தண்ணீர் ஒரு திணைக்களத்துக்கு, மீன் இன்னொன்றுக்கு, கரையிலுள்ள காடு வேறொன்றுக்கு. ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். பொதுமக்கள் தினம் எது என்று தொலைபேசியில் கேட்டுவிட்டே புறப்படுங்கள். மற்ற நாளில் கையெழுத்திடுகிறவர் ‘கள வேலை’யில் இருப்பார், கதிரையில் அவருடைய குடை மட்டும் இருக்கும். கடிதம் தமிழில், மூன்று பிரதி: பெயர், கடவுச்சீட்டு இலக்கம், நாள், நேரம், கயாக்கின் நீளம், நிறம், ஆட்கள், உயிர்காப்பு அங்கி எத்தனை, பொறுப்பு என்னுடையது என்ற வரி. நிறத்தை விட்டால் திருப்பி அனுப்புவார்கள், ஏன் என்று கேட்டுப் பயனில்லை. கொண்டுபோன பிரதியில் ‘கிடைத்தது’ என்று திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். அடுத்த முறை போகும்போது கடிதமே வரவில்லை என்பார்கள். நான்கு நாள் ஒதுக்குங்கள். மூன்று வார லீவில் அது பெரிய பங்கு. “உங்கட நாட்டில குளம் இல்லையோ?” என்ற கேள்வியும் வரும். அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் நாட்டைவிட்டு ஏன் போனோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிரித்துவிட்டுப் பேனையை நீட்டுங்கள்.

கடைசியில் குளக்கட்டில் யாரும் அந்தக் கடிதத்தைக் கேட்காமலும் விடலாம். பொலித்தீன் பையில் போட்டு வைத்திருங்கள். ட்ரோனை வீட்டிலேயே விடுங்கள், பக்கத்தில் விமானப்படை ஓடுபாதை இருக்கிறது.

காலை ஆறுக்கு இறங்கி ஒன்பதுக்குள் கரையேறிவிடுங்கள். கட்டு வடக்கே இருப்பதால் சோளகம் உங்களை அதன் கற்கள்மேலேயே தள்ளும். கல்லில் அலை அடிக்கும் இடத்தில் கரையேற முடியாது. முதலில் காற்றுக்கு எதிராகத் தெற்கே வலித்துப் போய், திரும்பும்போது காற்றோடு வாருங்கள். தண்ணீர் வற்றிய மாதங்களில் பட்ட மரக்கட்டைகள் ஒரு சாண் ஆழத்தில் ஒளிந்திருக்கும், அடியைக் கிழிப்பவை அவைதான். சைக்கிள் கடைச் சொலூசன் கயாக்கின் பிவிசியில் ஒட்டாது, தானாக ஒட்டும் பிவிசித் துண்டு கொண்டுவாருங்கள். விடியக் குளிரில் இறுக்கி அடித்த காற்று வெயில் ஏறியதும் விரிந்து தையலைப் பிரிக்கும், கொஞ்சம் தளர்வாகவே அடியுங்கள். துருசு, வான் கதவுப் பக்கம் வேண்டாம். வெறும் போத்தல்கள் வரிசையாக மிதந்தால் கீழே வலை இருக்கிறது, சுற்றிப் போங்கள். முதலை உண்டு, காலைத் தொங்கப்போட்டு இருக்காதீர்கள்.

திலாப்பியாவுக்கு எட்டாம் அல்லது பத்தாம் இலக்கத் தூண்டில், ஆறு இறாத்தல் தங்கூசி (நைலோன் நூல்), தக்கையிலிருந்து மூன்று நான்கு அடி ஆழம், மண்புழு. புழு இல்லாவிட்டால் பாணைப் பிசைந்து உருட்டலாம், ஆனால் இரண்டு நிமிடத்தில் கரைந்துவிடும். தக்கை அமிழும்வரை பொறுங்கள். படுத்து ஓடும்போதே இழுத்தால் வெறும் தூண்டில்தான் வரும். விரால் வேண்டுமானால் புல்லோரம், ரப்பர் தவளை, இருபது இறாத்தல் பின்னல் நூல். கடித்ததும் புல்லுக்குள் ஓடும் என்பதால் மெல்லிய நூல் தாங்காது.

அங்கேயே பிழைக்கிற மீனவர் ஒருவரோடு, அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து, ஒரு விடியல் வள்ளத்தில் போய்விட்டு அடுத்த நாள் தனியே இறங்குவது நல்லது. கட்டை எங்கே, சேறு எங்கே என்று அவருக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்து வீட்டுக்கு மீன் கொண்டுபோனால் ‘குளத்து மீனோ’ என்று மாமி முகம் சுளிக்கலாம். செவுளைக் கரையிலேயே எடுத்துவிட்டு, உப்பும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டி இருபது நிமிடம் வைத்துக் கழுவிக் கொடுங்கள். சேற்று மணம் பெரும்பாலும் போய்விடும். குழம்பு வேண்டாம், பொரிக்கச் சொல்லுங்கள்.