எ, ஆன், த: எங்கே போடுவது, எங்கே விடுவது

இங்கிலீஷில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'ஆன்', 'த' (a, an, the) மூன்றையும் ஆர்ட்டிகிள் என்பார்கள். தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது. மலாயிலும் கிடையாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் பாடம் கேட்டு மலேசியாவின் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வரை வரும் தோட்டப்புறப் பிள்ளைக்கு இங்கிலீஷ் கட்டுரையில் இங்கேதான் கை தடுமாறும். சிலர் கண்ட இடமெல்லாம் 'த' போட்டு வைப்பார்கள். சிலர் ஒன்றுமே போடமாட்டார்கள்.

ஆனால் 'எ', 'த' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் புதிதல்ல. "பேனா வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு பேனா. "பேனாவை வாங்கினேன்" என்றால் கேட்பவருக்கும் தெரிந்த பேனா. அந்த 'ஐ' உருபு செய்யும் வேலையை இங்கிலீஷில் 'த' செய்கிறது. ஆகவே எழுதும்போது வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஐ' வந்தால், அல்லது 'அந்த' என்று சேர்த்தாலும் பொருள் கெடாவிட்டால், 'த'. 'ஒரு' பொருந்தினால் 'எ'. இந்தச் சோதனை பொருள்களுக்குத்தான் நன்றாக ஒத்துவரும். ஆட்களுக்கு வராது: "டிரைவரைத் தேடுகிறோம்" என்பதில் எந்த டிரைவர் என்று தெரியாவிட்டாலும் 'ஐ' வந்துவிடுகிறது. எழுவாயாக நிற்கும் பெயரில் உருபே இல்லை. அங்கெல்லாம் "எது என்று வாசிப்பவருக்குத் தெரியுமா?" என்று நேரடியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரிசை இதுதான். பெயருக்கு முன்னால் 'மை', 'திஸ்', 'ரவிஸ்' போன்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால் ஆர்ட்டிகிள் வேண்டாம். இல்லையென்றால், எது என்று வாசிப்பவருக்குத் தெரியுமா? தெரிந்தால் 'த'; ஒருமையா பன்மையா என்ற கேள்வியே இல்லை. தெரியாதென்றால், எண்ணக்கூடிய ஒற்றைப் பொருளா? அப்படியானால் 'எ' அல்லது 'ஆன்'. பன்மையோ எண்ண முடியாததோ என்றால் வெறுமனே விட்டுவிடுங்கள். இதில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதானால் இதைச் செய்யுங்கள்: எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் இங்கிலீஷில் தனியாக நிற்காது. பிழைகளில் பெரும்பகுதி இதை மறப்பதால் வருவதுதான்.

தொழிலைச் சொல்லும் வாக்கியத்தில் இது நன்றாகத் தெரியும். "அப்பா டிரைவர்" என்று தமிழில் முடித்துவிடலாம். இங்கிலீஷில் "மை ஃபாதர் இஸ் எ டிரைவர்". மலாய் இங்கே கைகொடுக்கும்: "பாபா சாயா செஓராங் பெமாண்டு" என்று சொல்லும்போது அந்த 'செஓராங்' நிற்கும் இடத்தில்தான் 'எ' நிற்கிறது. பதவி ஒருவருக்கே உரியதானால் 'த': ஒரு தோட்டத்துக்கு ஒரே மேனேஜர் என்றால், அந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதும்போது "த மேனேஜர்".

'எ'யா 'ஆனா' என்பது ஒலியைப் பொறுத்தது, எழுத்தைப் பொறுத்ததல்ல. ஓர் ஆடு, ஒரு மாடு என்று எழுதும் நமக்கு இதில் தடுமாற்றம் வரக்கூடாது. சந்தேகம் வந்தால் அந்த இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தா? ஆன். உயிர்மெய்யா? எ. கிளினிக்கில் வாங்குவது "ஆன் எம்.சி." (மருத்துவ விடுப்புச் சான்று), பள்ளிக்குப் போடுவது "எ யூனிஃபார்ம்". "ஆன் அவர்", "ஆன் ஹானஸ்ட் மேன்" இரண்டிலும் எழுத்தில் 'எச்' இருக்கும், வாயில் வராது. (ஹானஸ்ட் என்று நாம் எழுதினாலும் இங்கிலீஷ்காரர் சொல்வது 'ஆனஸ்ட்'.) 'ஒன்' என்ற எண்ணும் இந்தச் சோதனையை ஏமாற்றும்: ஒலி 'வன்' என்பதால் "எ ஒன்-ரிங்கிட் நோட்". எண்களிலும் ஒலிதான் கணக்கு: 8, 11, 18 மூன்றுக்கும் ஆன், "ஆன் 18-இயர்-ஓல்ட் பாய்", ஆனால் "எ 10-டன் லாரி". 'ஆர்.எம்.50' என்று எழுதினாலும் அதை 'ஃபிஃப்டி ரிங்கிட்' என்றே வாசிப்பதால் "எ ஆர்.எம்.50 நோட்". உயிரொலிக்கு முன்னால் 'த'வை 'தி' என்று உச்சரிப்பார்கள், எழுத்து மாறாது.

எண்ண முடியாத சொற்கள்தான் நம் ஊரில் அதிகம் கெடுப்பவை. 'எ ஸ்டாஃப்' என்று ஆபீஸ் கடிதங்களில் தாராளமாகப் பார்க்கலாம். ஸ்டாஃப் என்பது ஊழியர் கூட்டம் முழுவதும்; ஓர் ஆளைச் சொல்ல "எ ஸ்டாஃப் மெம்பர்". அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் எதற்கும் 'எ'யும் வராது, கடைசியில் 'எஸ்'ஸும் வராது. வேலை என்பதற்கு 'எ வொர்க்' தவறு. "வொர்க்" அல்லது "எ ஜாப்". செம்பனை நடுவே வளர்ந்தவர்களுக்கு நல்ல உதாரணம் வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறது: 'ஆயில் பாம்' மரம், எண்ணலாம், ஆகவே "ஆன் ஆயில் பாம்". 'பாம் ஆயில்' எண்ணெய், எண்ண முடியாது, 'எ' வராது. ரப்பரும் அப்படியே: பால் காய்ந்து வந்த பொருளானால் வெறும் "ரப்பர்", மரமானால் "எ ரப்பர் ட்ரீ", "எ ரப்பர்" என்றால் பென்சில் எழுத்தை அழிப்பது.

பொதுவாகச் சொல்லும்போது 'த' போடுவது அடுத்த பிழை. செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தை வளர்ப்பதைப் பற்றி எழுதும்போது "பார்ன் அவுல்ஸ் ஈட் ரேட்ஸ்" போதும். "த பார்ன் அவுல்ஸ்" என்றால் ஏற்கெனவே பேசிய குறிப்பிட்ட சில ஆந்தைகள் என்று ஆகிவிடும்.

முதலாவது, மிகப்பெரியது, ஒரே ஒன்று என்ற சொற்களுக்கு 'த' கட்டாயம். 1917இல் சிலாங்கூர் மாநிலத்தின் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையில் செம்பனை நட்டதை எழுதிப் பாருங்கள்: "எ ஃப்ரெஞ்ச்மேன் பிளான்டட் ஆயில் பாம்ஸ் தேர். இட் வாஸ் த ஃபர்ஸ்ட் கமர்ஷியல் ஆயில் பாம் எஸ்டேட் இன் த கன்ட்ரி." முதலில் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர், அதனால் 'எ'. மரங்கள் பன்மை, ஒன்றும் இல்லை. முதல் தோட்டம், 'த'.

இடப்பெயர்களில் காரணம் தேடாமல் பழகுவதே மேல். ஊர், மாநிலம், தனி மலைக்கு ஒன்றும் வேண்டாம்: ஈப்போ, பேராக், மவுன்ட் கினபாலு. ஆறு, மலைத்தொடர், நீரிணை, நெடுஞ்சாலைக்கு 'த': த பேராக் ரிவர், த டிட்டிவங்சா ரேஞ்ச், த ஸ்ட்ரெய்ட் ஆஃப் மலாக்கா, த நார்த்-சவுத் எக்ஸ்பிரஸ்வே. அதே ஆற்றை மலாய்ப் பெயரில் 'சுங்கை பேராக்' என்று எழுதினால் 'த' போய்விடும். மலேசியாவுக்கு வேண்டாம், பிலிப்பீன்ஸுக்கு வேண்டும்.

ஒருமைப் பெயர் தனியாக நிற்காது என்ற விதிக்குச் சில இடங்களில் சலுகை உண்டு. படிக்கப் போனால் "கோ டு ஸ்கூல்"; ரிப்போர்ட் கார்டு வாங்க அம்மா போனால் "கோ டு த ஸ்கூல்". நோயாளி "இன் ஹாஸ்பிட்டல்", பார்க்கப் போனவர் "அட் த ஹாஸ்பிட்டல்". இது பிரிட்டிஷ் வழக்கு, நம் பள்ளிகளும் அதையே பின்பற்றுகின்றன. கோயிலுக்கு இந்தச் சலுகை இல்லை: சாமி கும்பிடப் போனாலும் "த டெம்பிள்". காய்ச்சல், தலைவலி, இருமல் மூன்றுக்கும் 'எ' போடுங்கள். டெங்கி, நீரிழிவு போன்ற நோய்ப்பெயருக்கு வேண்டாம்.

இப்போது ஒரு வேலை விண்ணப்பத்தைத் திருத்தலாம்:

"மை ஃபாதர் இஸ் டாப்பர். ஹீ வொர்க்ஸ் இன் எஸ்டேட் நியர் த சுங்கை சிப்புட். எஸ்டேட் ஹாஸ் டெம்பிள் அண்ட் ஸ்கூல். ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ வொர்க் இன் த ஈப்போ."

பென்சிலால் பெயர்ச்சொற்களை மட்டும் கோடிட்டு, ஒவ்வொன்றாகக் கேள்வி கேளுங்கள். டாப்பர் (ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்): தொழில், ஒருமை, "எ டாப்பர்". எஸ்டேட்: முதல்முறை சொல்கிறோம், உயிரொலி, "ஆன் எஸ்டேட்", தோட்டத்துக்கு 'இன்'னைவிட 'ஆன்' என்ற முன்னிடைச்சொல்லே பொருத்தம், ஆகவே "ஆன் ஆன் எஸ்டேட்" என்று இரண்டு ஆன் அடுத்தடுத்து ஒலிக்கும், முதலாவதன் எழுத்து 'ஓ-என்', இரண்டாவதன் எழுத்து 'ஏ-என்'. சுங்கை சிப்புட் ஊர்ப்பெயர், 'த' எடுத்துவிடுங்கள். இரண்டாம் முறை வரும் எஸ்டேட்டுக்கு "த". டெம்பிள், ஸ்கூல் இரண்டுக்கும் தனித்தனியாக 'எ'. 'எ வொர்க்' போய் "எ ஜாப்". ஈப்போவுக்கு முன்னால் உள்ள 'த'வை அடித்துவிடுங்கள்.