பழைய வீட்டுக் குளியலறையை நாமே புதுப்பிப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

1970களிலும் 80களிலும் தமிழ்நாட்டில் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் குளியலறை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஐந்துக்கு ஏழு அடி அறை, சிமெண்ட் அல்லது மொசைக் தரை, இடுப்பளவு மட்டும் பதித்த வெள்ளை டைல்ஸ், சுவருக்குள்ளே துருப்பிடித்துக்கொண்டிருக்கும் ஜி.ஐ. குழாய் (துத்தநாகப் பூச்சிட்ட இரும்புக் குழாய்), வெளிப்பக்கச் சுவரில் ஈரம் ஊறி உதிரும் பூச்சு ஆகியவையே அதன் அடையாளங்கள். அதைப் புதுப்பிக்க நினைப்பவர் முதலில் டைல்ஸ் கடைக்குத்தான் போகிறார். உண்மையில் அது கடைசியாகப் போக வேண்டிய கடை. டைல்ஸுக்கு அடியில் மறைந்துபோகும் குழாய், வாட்டம் (நீர் வடியும் சரிவு), நீர்க்காப்பு ஆகிய மூன்றும் சரியில்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டைல்ஸும் பக்கத்து அறைச் சுவர் உப்புப் பூப்பதைத் தடுக்காது.

இங்கே சொல்லும் முறை தரைத்தளத்தில் உள்ள, செங்கல் சுவர் கொண்ட குளியலறைக்கானது. மாடியில், அதுவும் தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தின்மேல் குளியலறை இருந்தால், பொறியாளர் ஒருவர் பார்க்காமல் சுத்தியலை எடுக்க வேண்டாம். மின்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட்டுவிடுங்கள். மற்ற வேலைகளைப் பொறுமையுள்ள ஒருவர் கற்றுக்கொண்டு செய்ய முடியும். வீட்டில் இது ஒன்றே குளியலறை என்றால், குறைந்தது மூன்று வாரத்துக்கு மாற்று ஏற்பாடு தேவை, ஏனெனில் கலவை காயும் காலத்தை யாராலும் சுருக்க முடியாது.

படி 1: இடித்தல்

அறைக்கு வரும் தண்ணீர் வால்வை மூடி, அந்த அறையின் மின்னிணைப்பையும் பிரதானப் பெட்டியிலேயே துண்டித்த பிறகுதான் இடிக்கத் தொடங்க வேண்டும். கழிவுக்குழாயின் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டுங்கள். உள்ளே விழும் ஒரு செங்கல் துண்டு பின்னர் வாசலில் உள்ள கழிவுநீர்த் தொட்டியான சேம்பர் வரை அடைப்பை உண்டாக்கும். டைல்ஸை வெட்டும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால், துணி முகக்கவசம் போதாது. என்-95 வகை முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதை வெட்டவோ துளையிடவோ கூடாது.

சுவரைத் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிக்கும் பூச்சு முழுவதையும் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சின்மேல் சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் ஏற்றினால், அந்தப் பாரம் தாங்காமல் மொத்தமாகப் பெயர்ந்து வரும்.

தரையில்தான் பழைய வீட்டின் இரகசியம் இருக்கிறது. இந்திய முறைக் கழிப்பீடத்தைச் சுற்றி அக்காலத்தில் செங்கல் ஜல்லியைக் கொட்டி நிரப்பினார்கள். இணைப்பு கசிந்த வீடுகளில் அந்த ஜல்லி ஆண்டுக்கணக்கில் கழிவுநீரைக் குடித்து ஊறிக் கிடக்கும். அதை அப்படியே வைத்து மேலே தளம் போடுவது பெருந்தவறு. ஈரமான நிரப்பு முழுவதையும் அள்ளி வெளியேற்றி, சில நாட்கள் காயவிட்டு, புதிய மணலை அடுக்கடுக்காக நீர்விட்டுக் கெட்டித்து, மேலே 3 முதல் 4 அங்குலம் கான்கிரீட் போடுங்கள். ஆனால் அதற்கு முன்பே கழிவுக்குழாய்கள் அவற்றின் இடத்தில் அமைந்திருக்க வேண்டும்.

படி 2: குழாய்கள்

கம்மோடின் இடத்தை மாற்றும் ஆசையை முடிந்தவரை அடக்கிக்கொள்ளுங்கள். 4 அங்குலக் குழாய் சேம்பர் வரை சரிவாகவே போக வேண்டும் என்பதால், கம்மோடை நான்கு அடி நகர்த்தினாலே தரைமட்டக் கணக்கு முழுவதும் மாறிவிடும். கழிவு தரைவழியாக இறங்கும் எஸ்-டிராப் கம்மோடுகளில் சுவரிலிருந்து குழாயின் மையம் வரை உள்ள தூரம் பெரும்பாலும் 9 அல்லது 12 அங்குலம். இந்த அளவைச் செங்கல் சுவரிலிருந்து எடுக்காமல், பூச்சும் டைல்ஸும் முடிந்த பின் வரப்போகும் சுவர்ப்பரப்பிலிருந்து எடுக்க வேண்டும். ஆகவே கம்மோடை முன்கூட்டியே வாங்கி, அளந்து, அதன்பின் குழாயைப் பதியுங்கள்.

தரைநீர் வடியும் வளைகுழாய் அமைப்பான நானி டிராப்பில் 50 மி.மீ. ஆழத்துக்கு நீர் தேங்கி நிற்க வேண்டும். கழிவுக்குழாயின் நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்த நீர்தான். ஆழம் குறைந்த மலிவான டிராப் வாங்குவதில் மிச்சப்படும் பணம் மிகச் சொற்பம்.

நல்ல தண்ணீருக்குத் துருப்பிடித்த ஜி.ஐ. குழாய்களை முற்றாக நீக்கிவிட்டு, சுடுநீரையும் தாங்கும் பிளாஸ்டிக் வகையான சிபிவிசி குழாய் போடுங்கள். யுபிவிசி என்ற மற்றொரு பிளாஸ்டிக் வகை குளிர்ந்த நீருக்கு மட்டுமே உரியது. சிபிவிசிக்கு அதற்கென்றே உள்ள பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். குழாய் முனையைப் பிசிறின்றிச் சீவி, பசை தடவி, உள்ளே செலுத்தும்போதே கால் சுற்றுத் திருகி, அரை நிமிடம் அசையாமல் பிடித்திருங்கள். குழாயைப் புதைக்கச் சுவரில் காடி (பள்ளம்) வெட்டும்போது, நேர்க்குத்தான காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடையான காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் கிடையாக முக்கால் அங்குலத்துக்கு மேல் வெட்ட முடியாது என்பதால், குழாயை மேலிருந்து கீழாகக் கொண்டுவருவதே நல்லது. சுடுநீரையும் தண்ணீரையும் கலந்து தரும் சுவர் மிக்சரின் இரு முனைகளுக்கும் இடையே மையத்துக்கு மையம் 6 அங்குலம் வைத்து, இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

காடியை மூடும் முன் சோதனை செய்ய வேண்டும். மாடித் தொட்டிக்குப் பதினைந்து அடி கீழே உள்ள குழாயில் அழுத்தம் அரை பார் (பார் என்பது அழுத்த அலகு) அளவுகூட இராது. அந்த அழுத்தத்தில் சிறு கசிவு வெளிப்படாது. பிளம்பர்கள் வைத்திருக்கும் கைப்பம்பை வாடகைக்கு வாங்கி, முனைகளை அடைத்து, 5 பார் அழுத்தம் ஏற்றிச் சில மணிநேரம் விடுங்கள். பம்பின் அழுத்தமானி முள் இறங்கக் கூடாது. பிறகு சுவரோரம் அளவுநாடாவைப் பிடித்து எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். நாளைக்குக் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

இதே கட்டத்தில் மின்பணியாளர் கீசருக்குத் தனி வயரும், எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் பொருத்திவிட வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பியே இருக்காது. அது இல்லாமல் கீசரை இயக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

படி 3: வாட்டம்

தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் டியூபைக் கொண்டு நான்கு சுவரிலும் தரைக்கு மூன்றடி உயரத்தில் ஒரே மட்டக் கோடு அடியுங்கள். இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்து கீழே எடுக்கப்படும். கதவருகே தரை உயரமாகவும் டிராப்பருகே தாழ்வாகவும் இருக்க வேண்டும். நான்கு அடி நீளத்துக்கு அரை முதல் முக்கால் அங்குலம் சரிவு போதுமானது. டைல்ஸ் பதித்து முடிந்த நிலையிலும் குளியலறைத் தரை வெளித்தரையைவிடக் குறைந்தது ஓர் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேருங்கள். சரிவைத் தளக் கலவையிலேயே கொண்டுவர வேண்டும். டைல்ஸ் பதிக்கும்போது கலவையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம் என்று நினைத்தால், மூலைகளில் நீர் தேங்குவது உறுதி.

படி 4: நீர்க்காப்பு

தளமும் சுவர்ப் பூச்சும் ஒரு வாரம் நீர்விட்டு ஆறிய பின், தூசியைத் துடைத்து, சுவரும் தரையும் சேரும் மூலையெங்கும் ஓர் அங்குல அளவுக்குக் கலவையைச் சாய்வாக வைத்து வளைத்துவிடுங்கள். விரிசல் முதலில் விடுவது அந்த மூலையில்தான். அதன்மேலும், டிராப்பைச் சுற்றியும், குழாய்கள் வெளிவரும் இடங்களிலும் கண்ணாடி நார் வலையைப் பதித்து, அக்ரிலிக் பாலிமரும் சிமெண்டும் கலந்த நீர்க்காப்புப் பூச்சைத் தூரிகையால் இரண்டு முறை அடியுங்கள். முதல் பூச்சு கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்கு தெற்காக இருக்கட்டும். சுவரில் சுற்றிலும் ஓரடி உயரமும், ஷவர் இருக்கும் பக்கம் ஆறடியும் பூச்சு ஏற வேண்டும்.

பூச்சு நன்றாகக் காய்ந்ததும் டிராப்பை அடைத்து, வாசலில் சிறு வரப்புக் கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்பி, நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 48 மணிநேரம் விடுங்கள். ஆவியாவதால் சிறிது குறையலாம். ஆனால் கோட்டுக்கு நன்றாகக் கீழே இறங்கினாலோ, அடுத்த அறைச் சுவரடியில் ஈரம் படர்ந்தாலோ, கசிவைக் கண்டுபிடித்து மீண்டும் பூசிய பிறகே மேலே செல்ல வேண்டும். அவசரம் காட்டும் மேஸ்திரிகள் தவிர்க்கப் பார்க்கும் சோதனை இது. நீங்களே செய்வதன் பெரிய ஆதாயமும் இதுதான்.

படி 5: டைல்ஸ்

தரைக்கு மேட் வகைச் சொரசொரப்பான டைல்ஸில் ஓரடிக்கு ஓரடி அளவு ஏற்றது, ஏனெனில் இரண்டடி டைல்ஸ் நான்கு பக்கச் சரிவுக்கு வளைந்துகொடுக்காது. கண்ணாடிபோல் இறுகிய விட்ரிஃபைடு டைல்ஸ் நீரை அனேகமாக உறிஞ்சாததால் வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டாது. பாக்கெட் டைல் பசை வேண்டும். பசை பயன்படுத்தும்போது டைல்ஸை நீரில் ஊறவைக்கக் கூடாது.

சுவரில் அடிவரிசையை விட்டுவிட்டு, இரண்டாம் வரிசை மட்டத்தில் நேரான சட்டம் ஒன்றை அடித்து, அதன்மேல் தொடங்குங்கள். பிறகு தரையைப் பதித்து, கடைசியாகச் சுவரின் அடிவரிசையைத் தரை டைல்ஸின்மேல் உட்கார வையுங்கள். சுவரில் வழியும் நீர் இணைப்புக்குள் புகாமல் தரையில் இறங்கும். பசையைப் பல்கரணையால் (விளிம்பில் பற்கள் கொண்ட கரண்டியால்) சீவி, ஸ்பேசர் வைத்து 2 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். ஒருநாள் கழித்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, பொள்ளல் ஒலி கேட்பதை எடுத்து மீண்டும் பதியுங்கள். இடைவெளிகளில் தரைக்கு எபாக்சி கிரவுட்டும் (பிசின் வகை இடைநிரப்பி), சுவரும் தரையும் சேரும் மூலைகளுக்கு சிலிகானும் நிரப்ப வேண்டும். மூலையில் கிரவுட் வைத்தால் விரிந்துவிடும்.

படி 6: பொருத்துதல்

கம்மோடை இடத்தில் வைத்து, ஒரு வாளி நீர் ஊற்றி இணைப்பில் கசிவில்லை என்று பார்த்த பின், அடிவிளிம்பை வெள்ளை சிமெண்ட்டால் அடைக்காமல் சிலிகான் போடுங்கள். பின்னால் கழற்ற வேண்டி வந்தால் பீங்கான் உடையாது. மரக்கதவின் அடி உளுத்திருந்தால் பிவிசி கதவுக்கு மாறிவிடலாம்.

ஆழ்துளைக் கிணற்று நீர் விடும் உப்புக்கறையைப் போக்க ஆசிட் ஊற்றும் வழக்கத்தை இந்தப் புதிய தரையில் தொடர வேண்டாம். சிமெண்ட் கிரவுட் இருக்கும் இடங்களை அது அரிக்கும், குழாய்களின் குரோமியப் பூச்சையும் உரிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில்கூடப் பயன்படுத்தாதீர்கள்.