தூக்குச்சட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு மூங்கில் மூடி வாங்காதீர்கள்

காரைக்குடியில் எங்கள் தெருவிலும் சரி, சொந்தத்திலும் சரி, யாராவது "வீட்டுக் குப்பையைக் குறைக்கணும், என்ன செய்யலாம்" என்று கேட்டால் என் பக்கம் கை காட்டிவிடுகிறார்கள். ஈரக் குப்பை வேறு, காய்ந்த குப்பை வேறு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரே தினமும் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். அதை விட்டுவிடுகிறேன். நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்து ஆர்வக்கோளாறில் முடிகிற காரியங்கள் சில இருக்கின்றன. ஆரம்பத்தில் நாங்கள் ஆடிய கூத்தையே புதிதாக வருகிறவர்களும் ஆடும்போது பெரும்பாலும் சிரிப்புத்தான் வரும். ஒன்றுக்கு மட்டும் இன்னும் எரிச்சல் வருகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இருப்பதை எறிந்துவிட்டுப் புதுசு வாங்குவது

தேவகோட்டையில் இருக்கும் என் சின்னாத்தா மகள் ஒருநாள் போனில், "ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்), இப்ப எங்க அடுப்படியில ஒரு பிளாஸ்டிக் கிடையாது, வந்து பாருங்க" என்றாள். போனேன். அலமாரி முழுக்க ஒரே அளவில் கண்ணாடி ஜாடிகள், எல்லாவற்றுக்கும் மூங்கில் மூடி, மூடியில் எழுதி ஒட்டிய காகிதம். பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் அவை வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நின்றன, ஒவ்வொரு ஜாடியையும் சுற்றி வந்த காற்றுக்குமிழ்ப் பிளாஸ்டிக் தாள் ஒரு சாக்கு நிறைய இருந்தது. பழைய டப்பாவெல்லாம் எங்கே என்று கேட்டால், "பழைய இரும்புக்காரருக்குப் போட்டாச்சு ஆச்சி, கிலோக் கணக்குல எடுத்துக்கிட்டாக" என்கிறாள். பிளாஸ்டிக் டப்பா மட்டுமா போனது? எவர்சில்வர் சம்படங்கள், மூடி கொஞ்சம் நெளிந்த தூக்குச்சட்டி, எங்கள் ஆயா காலத்து இனாமல் டப்பாக்கள் எல்லாம் அதே சாக்கில் போயிருக்கின்றன. ஒன்றோடொன்று சேரவில்லையாம், அலமாரிக்கு எடுப்பாக இல்லையாம்.

ஐப்பசி மழை பிடித்ததும் மூங்கில் மூடிகள் ஈரம் குடித்து உப்பிக்கொண்டன. கழுவியவள் வெயிலில் காயவைக்கவில்லை, அந்த மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? மோர்மிளகாயைத் திறந்தால் பூஞ்சை வாடை. தை பிறப்பதற்குள் நல்ல இறுக்கமான மூடி வேண்டும் என்று மறுபடி பிளாஸ்டிக் டப்பா வாங்கிவிட்டாள். ஆக, குப்பையைக் குறைக்கப் போன இடத்தில் ஒரே வருடத்துக்குள் அந்த வீட்டிலிருந்து மூன்று தடவை குப்பை வெளியேறியது, பணமும் இரண்டு தடவை போனது.

இவள் ஒருத்தி என்றால் விட்டுவிடலாம். கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் முதலில் இருப்பது வாங்க வேண்டிய சாமான் பட்டியல்தான். ஸ்டீல் உறிஞ்சுகுழல், மூங்கில் பல்துலக்கி, மரக் கரண்டி, துணி வலைப்பை, எல்லாம் ஒரே செட்டாக. இளநீரைத் தூக்கிக் குடிக்கத் தெரிந்த ஊரில் ஸ்டீல் உறிஞ்சுகுழல் யாருக்கு?

ஒரு டப்பாவைச் செய்வதற்கான எண்ணெய், மின்சாரம், லாரி வாடகை எல்லாம் அது உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே செலவாகிவிட்டது. அந்தச் செலவை இனித் திருப்ப முடியாது, அதை இன்னும் பத்து வருடம் உழைக்க வைக்கத்தான் முடியும். இன்றைக்கே தூக்கிப் போட்டால் அது இன்றைக்கே குப்பை. அதற்குப் பதிலாக வருகிற கண்ணாடியோ சுமார் 1500 டிகிரி செல்சியஸ் உலையில் உருகி, பிளாஸ்டிக்கை விடப் பல மடங்கு எடையோடு லாரி ஏறி வருகிறது. கண்ணாடி கெட்டதென்று சொல்லவில்லை. ஜாம் தீர்ந்த பாட்டில், காப்பித்தூள் பாட்டில், தேன் பாட்டில் என்று காசு கொடுக்காமலே வீட்டுக்கு வருகிற கண்ணாடி போதும் என்கிறேன்.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தத் தவறைச் செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்தில் சாமான் பரப்பிய வழக்கத்தில் வந்த ஊர் இது. எந்த வீட்டிலும் இரண்டாம் கட்டைத் தாண்டி ஒரு சாமான் அறை பூட்டிக் கிடக்கும். சாவி யாரோ ஒரு பங்காளியிடம் சென்னையில் இருக்கும், அது வேறு கதை. திறந்தால் அடுக்கு, தூக்கு, சம்படம், ஜாடி, ஓலைக் கொட்டான் என்று மூன்று குடும்பத்துக்குக் காணும். அதைப் பார்க்காமல் வெளியூரிலிருந்து பெட்டி வரவழைக்கிறோம். நாம் கிலோக் கணக்கில் போட்ட இனாமல் டப்பா துடைத்து எண்ணெய் தடவி, முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் தனி விலையோடு உட்கார்ந்திருக்கிறது, சுற்றுலா வந்தவர்கள் பேரம் பேசி வாங்கிப் போகிறார்கள்.

எனவே ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் மூன்று மாதம் எதுவும் வாங்காதீர்கள். என்ன தேவை என்று தாளில் எழுதி வையுங்கள், சாமான் அறையில் தேடுங்கள், அப்பத்தாவிடமும் அத்தையிடமும் கேளுங்கள், அங்கேயும் இல்லையென்றால் பழைய சாமான் கடை, கடைசியாகத்தான் புதுசு. மூன்று மாதம் கழித்து அந்தத் தாளைப் பார்த்தால் பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

பழசு என்பதற்காக எல்லாவற்றிலும் சோறு வைப்பது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு. ஈயம் (வெள்ளீயம்) பூசாத பித்தளையில் ரசம், தயிர், புளிக்குழம்பு வைக்கக் கூடாது. புளிப்பு பட்டால் செம்பு இறங்கும், வாந்தியும் வயிற்றுவலியும் வரும். ஈயம் பூசுகிறவர் கிடைத்தால் பூசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதில் வெந்நீர் போடுங்கள், செடி வையுங்கள். பூச்சு உதிர்ந்த இனாமல் கிண்ணத்திலும் சாப்பாடு வேண்டாம். பழைய வண்ணப் பூச்சுகளில் காரீயமும் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு. துணிக் கிளிப், விதை, தையல் சாமான் போட்டு வைக்கலாம்.

பிளாஸ்டிக்கைக் கவிழ்த்து அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், ஓரளவு சூடு தாங்கும். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, அதில் வெந்நீர் ஊற்றினால் ஊற்றும்போதே நெளியும். எண் எதுவானாலும் கீறல் விழுந்து மங்கிப்போன டப்பாவில் சூடான குழம்பும் எண்ணெய்ப் பலகாரமும் வைக்காதீர்கள். பருப்பு, ரவை, உப்பு என்றால் தாராளமாக வைக்கலாம்.

ஓலைக் கொட்டானில் ஈரம் ஆகாது. வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், அவ்வளவுதான். மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் வளவு முற்றத்து வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

துணிப்பை சேகரிப்பது

கதவுக்குப் பின்னால் ஆணியில் முப்பது பை தொங்கும், கடைக்குப் போகிற வண்டியில் ஒன்று இருக்காது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்த பிறகு கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு எல்லாவற்றுக்கும் பை கொடுக்கிறார்கள், வாங்கி வாங்கி மாட்டுகிறோம். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் போட்ட கணக்குப்படி, பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையை 52 தடவை பயன்படுத்தினால்தான் அந்த ஊர்க் கடைப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். தெருவில் பறக்கிற பை மாட்டின் வயிற்றுக்குள் போவதை அந்தக் கணக்கு சேர்க்கவில்லை, அதனால் பிளாஸ்டிக்கே மேல் என்று ஆகிவிடாது. ஆனால் ஆணியில் தொங்குகிற பையால் யாருக்கும் லாபமில்லை என்பது அதில் தெளிவு. இரண்டு பை போதும், ஒன்று வண்டிப் பெட்டியில், ஒன்று கைப்பையில். மூன்றாவது வேண்டுமென்றால் கிழிந்த கண்டாங்கிச் சேலையை மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள், கனமான பருத்தி, அரிசியே தாங்கும்.

இன்னொன்று. ஜவுளிக்கடையில் கொடுக்கும் சொரசொரப்பான வண்ணப் பையைத் துணி என்று நம்பாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாக நெசவு இழை தெரியாது, புள்ளி புள்ளியாக அழுத்திய அச்சுத்தான் தெரியும். அது பாலிபுரொப்பிலீன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள்களில் அதுவும் ஒன்று.

காகிதக் கப்

உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. அதுவும் அதே தடைப் பட்டியலில் இருக்கிறது.

'மக்கும்' என்று எழுதிய பிளாஸ்டிக் பை

தொழிற்சாலை உரக்கிடங்கின் சூட்டில்தான் மக்கும். உங்கள் வீட்டு உரத்தொட்டியில் மக்காது.

ஈர டப்பாவோடு கடைக்குப் போவது

சீப்புச்சீடை, மணகோலம் மாதிரிப் பலகாரம் வாங்கத் தகர டப்பா எடுத்துப் போவது நல்ல பழக்கம். துடைக்காமல் எடுத்துப் போனால் வீடு வருவதற்குள் நமுத்துவிடும், அன்றோடு அந்தப் பழக்கமும் போய்விடும். முதலில் வெறும் டப்பாவை எடை போடச் சொல்லுங்கள். சாயங்காலக் கூட்டத்தில் போனால் கடைக்காரர் முகம் சுளிப்பார், காலையில் போங்கள்.

உரத்தொட்டியில் பச்சையாகவே கொட்டுவது

நாறுகிறது, புழு வைக்கிறது என்று கைவிடுகிறவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். காய்கறித் தோல் ஒரு பங்கு போட்டால் சருகோ தேங்காய் நார்த்தூளோ இரண்டு பங்கு போட வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. கறி எலும்பு, மீன் செதில் போட்டால் பெருச்சாளி வரும், அப்புறம் தொட்டியும் இருக்காது, தோட்டமும் இருக்காது.

பாத்திரம் துலக்கும் பீர்க்கங்கூட்டைக் கழுவும் தொட்டியிலேயே போட்டு வைப்பது

அழுகும். துலக்கி முடித்ததும் ஆணியில் மாட்டுங்கள்.

துணி நாப்கினை மறைத்துக் காயப்போடுவது

வெட்கப்பட்டுக் கட்டிலுக்குக் கீழேயும் சேலைக்கு அடியிலும் காயப்போட்டால் ஈரம் முழுதாகப் போகாது, தொற்று வரும். நேர் வெயில் வேண்டும். மொட்டை மாடியில் போடுங்கள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

வீட்டில் ஒரு வருடம் மிச்சம் பிடித்ததை ஒரு பந்தியில் கொட்டுவது

வாழையிலை போட்டுப் பரிமாறுகிறோம், அதில் குறையில்லை, எடுத்தால் மாட்டுக்குப் போகும். ஆனால் ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில். பாதி குடித்து, பாதியை இலையோடு சுருட்டிவிட்டு எழுந்துபோகிறார்கள். இலைக்குள் பாட்டில் மூடி கிடந்தால் மாட்டுக்காரர் எதையும் எடுக்க மாட்டார், மொத்தமும் குப்பைமேட்டுக்குத்தான். கேட்டால் "டம்ளர் வச்சா யாரு கழுவுறது" என்பார்கள். சமையல்காரரிடம் பேசி முன்பணம் கொடுக்கும் அன்றே டம்ளரும் கழுவுகிற ஆளும் கணக்கில் சேர்த்துவிடுங்கள், வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி சொன்னால் அவர் பாட்டிலுக்குச் சொல்லி முடித்திருப்பார்.