மூடிக் கிடந்த லாட்ஜில் வெந்நீரை மறுபடி கொண்டுவருவது எப்படி?

பெருந்துறை, அவினாசி, பொள்ளாச்சிப் பக்கம் பல சிறிய லாட்ஜ்களில் ஒரே ஏற்பாடுதான். மொட்டை மாடியில் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார், மேகமூட்டமான நாளுக்காக அதே தொட்டிக்குள் மின்சார ஹீட்டர். கட்டடம் சில மாதங்கள் பூட்டிக் கிடந்து, திறக்கும் நாள் நெருங்கினால் எல்லோரும் முதலில் தேடிப் போவது ஹீட்டர் சுவிட்சைத்தான். தயவுசெய்து வேண்டாம். முதலில் தண்ணீர், பிறகுதான் மின்சாரம்.

மின்பலகையில் ஹீட்டருக்கான எம்.சி.பி. என்ற சுவிட்சை இறக்கிவிட்டு, 'வேலை நடக்கிறது, போடாதீர்கள்' என்று எழுதி ஒட்டுங்கள். வாய்ச்சொல் போதாது, மாலை ஷிப்டுக்கு வருபவருக்குக் காலையில் நடந்தது தெரியாது.

அடுத்து மாடி. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் காலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த வெற்றுக் கண்ணாடிக் குழாயின் உட்புறம் 200 டிகிரியைக்கூடத் தாண்டும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் குழாய் வெடித்துச் சிதறும். ஆகவே விடிவதற்கு முன்பே தண்ணீர் விடுங்கள். முடியாவிட்டால் முந்தைய மாலையே தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள்.

தண்ணீர் விடும் முன் தொட்டியின் மேலே நிற்கும் காற்றுக் குழாயைப் பாருங்கள். தண்ணீர் வழிகிறது என்று யாராவது அதன் வாயில் மூடி போட்டிருப்பார்கள். அதை உடனே கழற்றுங்கள். தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் விரியும். விரிய வழியில்லாவிட்டால் தொட்டி தாங்காது. அழுத்தத்தில் இயங்கும் அமைப்பில் காற்றுக் குழாய்க்குப் பதில் பாதுகாப்பு வால்வு இருக்கும். அது அடைபடாமல் வேலை செய்கிறதா என்று பிளம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் ஊர் போர்த் தண்ணீரின் உப்பு தனிச் சிக்கல். சிறுவாணித் தண்ணீர் வரும் இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. போர் மட்டும் உள்ள கட்டடத்தில் ஹீட்டர் கம்பியைக் கழற்றினால், பெயர்ந்த சுவர்க் காரை போல வெள்ளைப் படிவு கையோடு உதிரும். படிவு ஏறிய கம்பி உள்ளே சூடேறி எரிந்துபோகும். மேலுறை வெடித்தால் மின்சாரம் தண்ணீரில் கசியும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் எர்த்தையும் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யையும் சோதித்து ஒப்புதல் தரும்வரை காத்திருங்கள்.

இதெல்லாம் முடிந்ததும், முன்பு சொன்னபடி கண்ணாடிக் குழாய்கள் குளிர்ந்திருக்கும் நேரத்தில் தொட்டியை நிரப்புங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் முதலில் காற்றும் நீருமாகச் சீறும். சீறல் நின்று ஒரே சீராக ஓடினால் தொட்டி நிறைந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகுதான் ஹீட்டரைப் போட வேண்டும். 300 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற சுமார் 12 யூனிட் செலவாகும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு நான்கு மணி நேரம். அவசரப்பட்டுப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஏன் 60? தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். ஷவரின் நீர்த்துளிகளோடு மூச்சில் போனால் கடுமையான நிமோனியாவைத் தரும். 60 டிகிரியில் அது அழியும். தொட்டி சூடான பிறகு அறை அறையாகச் சென்று, ஷவர் தலையைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து, தெறிக்காமல் மெதுவாகத் தண்ணீரை விடுங்கள். கை பொறுக்காத சூட்டில் ஐந்து நிமிடமாவது ஓடட்டும். ஓடும்போது நீங்கள் வெளியே நில்லுங்கள். கழற்றிய ஷவர் தலைகளை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

அதே 60 டிகிரி நீர் ஐந்தே நொடியில் தோலை வேகவைக்கும். குழந்தைக்கு அதைவிடச் சீக்கிரம். எனவே குளியலறைக்கு வரும் வெந்நீரில் சூட்டைக் கட்டுப்படுத்தும் மிக்ஸிங் வால்வைப் பொருத்துங்கள். குழாயில் 45 டிகிரிக்கு மேல் வராமல் வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகே சாவியை விருந்தினரிடம் கொடுங்கள். ஆள் வராத அறைகளிலும் வாரம் ஒருமுறை குழாய்களைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.