அணைக்கு ஆதரவு, கம்பிக்கு எதிர்ப்பு: நீர்மின் கடன் வாக்கெடுப்பில் நடக்கும் தவறுகள்

நீர்மின் திட்டத்துக்காக உள்ளாட்சி கடன் வாங்கலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டால், எல்லாரும் அணையைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த மின்சாரம் யாருடைய கம்பி வழியாக வீட்டுக்கு வரும் என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், மிகப் பெரிய தவறு இதுதான்.

சான் பிரான்சிஸ்கோவைப் பாருங்கள். 1910 ஜனவரியில் ஹெட்ச் ஹெட்சி என்ற குடிநீர், நீர்மின் திட்டத்துக்கு 4.5 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். எதிர்த்தவர் ஒருவர் என்றால் ஆதரித்தவர் இருபது பேர். யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் அணை கட்ட 1913இல் ரேக்கர் சட்டம் என்ற அமெரிக்க மத்திய அரசின் சட்டம் அனுமதித்தது. கூடவே, மறுவிற்பனைக்காகத் தனியாரிடம் மின்சாரத்தை விற்கக் கூடாது என்றும் சொன்னது. 1925இல் அந்தத் திட்டத்தின் மொக்கசின் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. ஆனால் மாநகராட்சியின் கம்பி விரிகுடாவுக்கு அக்கரையில், நியூவார்க் என்ற ஊரோடு நின்றுபோனது. நகரத் தெருக்களில் ஓடிய கம்பிகள் தனியாருடையவை. ஆகவே மின்சாரம் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கே போனது. விநியோகக் கம்பிகளை நகரமே வாங்க 1927 முதல் 1941 வரை எட்டு முறை கடன் வாக்கெடுப்பு நடந்தது, எட்டும் தோற்றன. இத்தனைக்கும், அந்த விற்பனை சட்டமீறல் என்று 1940லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அணைக்கு அள்ளிக் கொடுத்த ஊர் கம்பிக்குக் கையை மூடிக்கொண்டதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. இப்போதும் அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரம் வருவது அதே நிறுவனத்தின் கம்பியில்தான்.

அப்புறம், வாக்குச்சீட்டில் உள்ள தொகையோடு செலவு முடிந்துவிடும் என்று நம்புவது. இதே திட்டத்துக்கு மறுபடி மறுபடி கூடுதல் கடன் கேட்க வேண்டியிருந்தது; தண்ணீர் நகரை எட்டியதே 1934இல்தான்.

பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தால் போதும் என்பதும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. கலிபோர்னியாவில் சொத்து வரியை ஈடாக வைக்கும் உள்ளாட்சிக் கடனுக்கு, பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.

கடனின் வகையைப் பார்க்காமல் விடுவதும் ஆபத்து. வரியை ஈடாக வைத்தால், திட்டம் நொடித்தாலும் வீட்டு வரியிலிருந்துதான் கட்டியாக வேண்டும். மின்கட்டண வருவாயை மட்டும் நம்பிய கடன் என்றால் வரிக்கு ஆபத்து குறைவு. ஆனால் கட்டணம் உயரலாம். மழை பொய்த்த ஆண்டில் உற்பத்தி சரியும், வருவாய் குறையும், தவணை மட்டும் குறையாது. சராசரி மழைக்குப் போட்ட கணக்கை மட்டும் காட்டினால், வறண்ட ஆண்டின் கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.