டயர் சென்சார்: மாற்றுவதற்கு முன்பே தொடங்கும் தவறுகள்

மன்னார்குடி அருகே அறுவடை இயந்திரத்துக்கு வழிவிட ஒதுங்கியபோது, வாய்க்கால் மதகின் விளிம்பில் உரசி டயரின் பக்கவாட்டு கிழிந்தது. பக்கத்து ஊர்க் கடையில் புது டயர் மாட்டினேன். உள்ளே காற்றழுத்த சென்சார் இருப்பதைச் சொல்லத் தோன்றவில்லை. டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் தகடு வால்வுக்குப் பக்கத்திலேயே இறங்க, சென்சார் இரண்டாகப் பிளந்தது. வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தகட்டை வைத்திருந்தால் பிழைத்திருக்கும். புது டயரை ஏற்றும்போதும் அதே கவனம் வேண்டும். கடைக்காரரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. வாயைத் திறக்காதது நான்.

டேஷ்போர்டில் டயர் எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடனே சென்சார் வாங்க ஓடுவது இன்னொரு தவறு. விளக்கு நிலையாக எரிந்தால் பெரும்பாலும் காற்றுதான் குறைவு. காரைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால்தான் சென்சார் அமைப்பில் கோளாறு என்று பொருள். சில கார்களில் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுக் காற்றுக் குறைவை ஊகிக்கும். அந்தக் காருக்கு சென்சார் வாங்கி என்ன செய்வது?

இணையத்தில் விலை மலிவைப் பார்த்து வாங்குபவர்கள், சென்சார் காருக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ அலைவரிசையைப் பார்ப்பதில்லை. இந்தியக் கார்களில் வழக்கமாக இருப்பது 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கான பல சென்சார்கள் 315. ஒரு அலைவரிசையில் அனுப்பும் சென்சாரோடு மற்றதற்கான கார் பேசாது. பழைய சென்சாரின் மேலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அலுமினிய வால்வுத் தண்டு உள்ள சென்சாரில்தான் நம் பக்கத்துக்குரிய சங்கடம் இருக்கிறது. தண்டுக்குள் காற்றை அடைத்து வைக்கும் சிறு திருகான வால்வு பின் நிக்கல் பூசியது. அது தொலைந்தால் கையில் கிடைக்கும் சாதாரணப் பித்தளைப் பின்னைத் திருகிவிடுகிறார்கள். பித்தளையும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. வால்வு பின் தண்டோடு ஒட்டிக்கொள்ளும், திருகினால் தண்டே முறியும். அழகுக்காக மாட்டும் உலோக மூடிக்கும் இதே கதிதான். பிளாஸ்டிக் மூடி போதும். ரப்பர் வளையத்தையும் நட்டையும் பழையதிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். நட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் ரப்பர் நசுங்கிக் காற்று கசியும். இறுக்க அளவு சென்சாருக்குச் சென்சார் மாறும், சில நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். அளவு காட்டும் ஸ்பானர் உள்ள கடையைத் தேடுவது நல்லது.

பஞ்சருக்கு ஊற்றும் திரவம் சென்சாரின் துளையை அடைத்துவிடக்கூடும். அவசரத்துக்கு ஊற்றினால், பிறகு டயரைக் கழற்றும்போது துடைத்துவிடச் சொல்லுங்கள். சென்சாருக்குள் இருக்கும் பேட்டரியைப் பெரும்பாலும் தனியாக மாற்ற முடியாது. ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும். எட்டாண்டுக் காரில் ஒன்று ஓய்ந்தால், புது டயர்கள் போடும்போது நான்கையும் மாற்றிவிடுவேன். டயர் கழற்றும் கூலி ஒரு முறையோடு போகும். மாட்டிய பிறகு சக்கரத்தை பேலன்ஸ் செய்யாமல் விடவும் கூடாது.

மாட்டி முடித்ததும் வேலை முடிந்ததாக எண்ணிக் காசு கொடுத்துவிடுகிறோம். புது சென்சாரின் அடையாள எண்ணைக் கார் கற்றுக்கொள்ள வேண்டும். சில கார்கள் கொஞ்ச தூரம் ஓடினாலே கற்றுக்கொள்ளும்; மற்றவற்றுக்கு ஸ்கேனர் தேவைப்படும். இதை மாட்டும் முன்பே கடையில் கேட்டுவிடுங்கள். என் காரில் பதிவு செய்து முடித்ததாகச் சொன்னார்கள். சந்தேகப்பட்டு, பின்பக்க இடது டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுத் திருவாரூர் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். திரையில் குறைந்தது முன்பக்க வலது டயரின் அழுத்தம்.